பாட்டுக்கு அங்கே என்ன வேலை?

காரைக்குடிப் பக்கம் ஓர் ஊரில், கிளை நூலகத்து வாசகர் வட்டத்தைச் சேர்ந்த சிலர் பேருந்து நிறுத்தம், டீக்கடை, ஊருணிக்கரை என்று யாரும் எதிர்பார்க்காத இடங்களில் கவிதைகளை எழுதி வைக்க நினைக்கிறார்கள். யாராவது நின்று படிப்பார்களா, எந்த இடத்தில் எதை வைப்பது, எதில் எழுதுவது, யாரிடம் அனுமதி கேட்பது என்பது அவர்கள் கேள்வி. நான் இந்த வட்டாரத்தில் போர்டு எழுதிப் பிழைத்தவன். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு அதே கடையில் ஃப்ளெக்ஸும் அடித்துக் கொடுத்தேன். அதனால் பாட்டைப் பற்றிச் சொல்வதைவிடச் சுவரைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்விக்கு முதலில் வருகிறேன். படிப்பார்கள். ஆனால் அந்தப் பாட்டுக்கு அந்த இடத்தில் ஏதாவது வேலை இருக்க வேண்டும். நல்ல பாட்டாக இருந்தால் போதும் என்று நினைத்துத்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

கண்முன் இருக்கும் சாட்சி அரசுப் பேருந்து. 1967-ல் அண்ணா ஆட்சிக்கு வந்தபோது போக்குவரத்துத் துறையைக் கையில் வைத்திருந்த கருணாநிதி, பேருந்துகளில் குறள் எழுத ஏற்பாடு செய்தார். லண்டன்காரர்கள் ரயிலில் கவிதை ஒட்டுவதற்கு எவ்வளவோ முன்பே நாம் செய்துவிட்ட காரியம் இது, பெருமைப்படலாம். ஆனால் காரைக்குடியிலிருந்து தேவகோட்டைக்கு நித்தம் போய்வருகிற ஒருவரை இறங்கின கையோடு நிறுத்தி, வண்டியில் என்ன குறள் இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். விழிப்பார். அவர் மேல் தப்பில்லை. அதே பெயிண்டில், அதே அளவில், பக்கத்திலேயே ‘படியில் பயணம் நொடியில் மரணம்’, ‘கை தலை வெளியே நீட்டாதீர்’, ‘சரியான சில்லறை தரவும்’ என்றெல்லாம் எழுதியிருக்கும். கண் அவ்வளவையும் ஒரே கட்டாகக் கட்டி, ‘இதெல்லாம் உத்தரவு’ என்று ஒதுக்கிவிடுகிறது. வள்ளுவர் கண்டக்டர் ஆகிவிடுகிறார். போதாக்குறைக்கு, வண்டி பழசாகி ஏலத்துக்குப் போகும்வரை அதே குறள்தான்.

லண்டன் பாதாள ரயிலில் 1986-ல் ஜூடித் செர்னைக் என்ற எழுத்தாளரும் அவருடைய இரண்டு கவிஞர் நண்பர்களும் தொடங்கியதைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். பெட்டிக்குள் விளம்பரம் ஒட்டுகிற இடத்திலேயே அவர்கள் கவிதையை ஒட்டினார்கள். இன்சூரன்ஸுக்கும் பல்பொடிக்கும் நடுவில், எதையும் வாங்கச் சொல்லாத ஒரு தாள். அதைச் சில மாதத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டும் இருந்தார்கள். நியூயார்க்கில் 1992-ல் இதே மாதிரி தொடங்கியது. அதே ஆண்டில் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் வீட்டுச் சுவர்களில் கவிதை எழுத ஆரம்பித்து, 2005-க்குள் நூற்றொரு சுவரை முடித்தார்கள். ருஷ்யக் கவிதை ருஷ்ய எழுத்திலேயே, ஜப்பானியக் கவிதை ஜப்பானிய எழுத்திலேயே. லண்டன் ரயிலில் குறுந்தொகையின் ‘செம்புலப் பெயல்நீர்’ பாட்டுகூட ஏ.கே. ராமானுஜன் மொழிபெயர்ப்பில் ஏறியிருக்கிறது. செம்மண் பூமியான நம் பக்கத்திலோ அந்தப் பாட்டு கல்யாணப் பத்திரிகையின் முதல் பக்கத்தோடு நின்றுவிட்டது.

இதெல்லாம் வெளியூர்ச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். சோழர் கல்வெட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நிலம் எவ்வளவு, வரி எவ்வளவு, அணையா விளக்குக்கு எத்தனை ஆடு என்று போகிற பத்திரம்தான் அது. ஆனால் ராஜராஜன் காலத்திலிருந்து அதன் தலைப்பில் ‘திருமகள் போலப் பெருநிலச் செல்வியும் தனக்கே உரிமை பூண்டமை மனக்கொள’ என்று மெய்க்கீர்த்தி ஓடுகிறது. பத்திரத்தின் முதல் பக்கத்தில் பாட்டு! அந்தப் பாட்டுக்கு வேலையும் இருந்தது. எந்த அரசன், எதையெல்லாம் வென்ற பிறகு, எத்தனையாவது ஆட்சியாண்டில் என்று ஆளையும் காலத்தையும் காட்டிக் கொடுக்கிற வேலை. இன்றைக்கும் கல்வெட்டு படிக்கிறவர்கள் அதை வைத்துத்தான் அரசனை அடையாளம் காண்கிறார்கள்.

நகரத்தார் என்கிற இந்தப் பக்கத்துச் செட்டியார்களின் பூர்வீகம் காவிரிப்பூம்பட்டினம் என்று சொல்வார்கள். அந்த ஊர் வணிகர் பட்டினத்தார் கதை இங்கே எல்லாருக்கும் தெரிந்ததுதான். கடல் கடந்து வணிகம் செய்துவிட்டு வந்த பிள்ளை மருதவாணன் வீட்டில் கொடுத்துவிட்டுப் போன பெட்டியைத் திறந்தால், உள்ளே ஒரு காதறுந்த ஊசியும் ஓர் ஓலையும். ஓலையில் ‘காதற்ற ஊசியும் வாராது காண் கடைவழிக்கே’ என்று ஒரே வரி. பொன்னும் மணியும் இருக்கும் என்று திறந்த பெட்டிக்குள் கவிதை வைத்தவனை விடப் பெரிய கைகாரன் இந்தத் துறையில் யார் இருக்கிறார்கள்? வங்கி லாக்கர் அறை வாசலில் இந்த வரியை மாட்ட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. எந்த மேனேஜரும் ஒப்புக்கொள்ள மாட்டார், அது வேறு.

சரி, இன்றைய நிலவரத்துக்கு வருவோம். இந்த வட்டாரத்தில் இப்போது அதிகம் படிக்கப்படுகிற கவிதை எது என்று கேட்டால், கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி என்றுதான் சொல்வேன். ஃப்ளெக்ஸ் அடிக்க வருகிறவர் போட்டோவைக் கொடுத்துவிட்டு, “ரெண்டு வரி நீங்களே போட்டுருங்கண்ணே” என்பார். எதுகை சரியாக விழுந்தால் போதும், வாசித்துக் காட்டும்போதே கண் கலங்கிவிடும். காதுகுத்து, மணிவிழா எல்லாவற்றுக்கும் இப்படித்தான். புலவர்கள் படித்தால் முகம் சுளிப்பார்கள். ஆனால் டீக்கடைக்கு வருகிற ஊர் முழுக்க நின்று படிக்கிறது. இறந்தவரைத் தெரியும், வரியோ இரண்டே இரண்டு, அதுவும் இன்றைக்கு இருந்தால் நாளைக்கு மழையில் போய்விடும். உங்கள் வட்டத்தார் இந்தச் சுவரொட்டிகளைக் கேலி செய்யாமல் கொஞ்ச நாள் கவனித்துப் பார்த்தால் பாதி விஷயம் பிடிபட்டுவிடும்.

இனி இடங்கள். ஊருணியில் ஆரம்பிப்பேன். ஏனென்றால் அங்கே என்ன எழுதுவது என்று தேடவே வேண்டாம்.

ஊருணி நீர்நிறைந் தற்றே உலகவாம்
பேரறி வாளன் திரு.

215-ஆவது குறள். செட்டிநாட்டில் ஊருணி இல்லாத ஊர் அபூர்வம். சம்பாதித்த காசில் ஊருணி வெட்டிப் படித்துறை கட்டி வைத்தவர்கள் ஊருக்கு ஊர் இருந்திருக்கிறார்கள், ஆகவே குறளுக்குத் தெளிவுரை எழுத வேண்டிய அவசியமே இல்லை. பலகையை எங்கே வைப்பது என்பதில்தான் சூட்சுமம். எல்லாரும் படித்துறையின் நுழைவில், இறங்குகிறவர் பார்க்கும்படி வைப்பார்கள். இறங்குகிறவர் கண் படியில் இருக்கும். பாசி, வழுக்கும் என்ற பயம். குடத்தை நிரப்பிக்கொண்டு ஏறும்போது, மேல் படியில் ஒரு நிமிடம் மூச்சு வாங்க நின்று தலை நிமிர்வார்கள். அந்த நிமிர்வுக்கு நேர் எதிரே வையுங்கள். கருங்கல்லில் கொத்தினால் நல்லது. பெயிண்ட் அந்த ஈரத்துக்கும் வெயிலுக்கும் தாங்காது. சித்திரை, வைகாசியில் ஊருணி வறண்டு வெடித்துக் கிடக்கும்போது அதே கல் பஞ்சாயத்துக்கு எழுதிய மனு மாதிரி நிற்கும். அதுவும் ஒரு வேலைதான்.

அடுத்தது முடிதிருத்தகம். ஒரு மனிதன் பேசவும் முடியாமல், தலையைத் திருப்பவும் முடியாமல், போனை எடுக்கவும் முடியாமல் பதினைந்து இருபது நிமிடம் உட்கார்ந்திருக்கிற இடம் ஊரில் வேறு எங்கே இருக்கிறது? அவன் கண்ணுக்கு எதிரே கண்ணாடி, கண்ணாடிக்குள் அவனுக்குப் பின்னால் இருக்கிற சுவர். ஆகவே பின்சுவரில் எழுத்தை இடம்வலம் மாற்றி எழுத வேண்டும். கடைக்குள் வருகிறவனுக்கு அது ஏதோ கிறுக்கல். நாற்காலியில் உட்கார்ந்தவனுக்கு மட்டும் கண்ணாடியில் நேராகத் தெரியும். தெரிந்த கடைக்காரர் ஒருவருக்கு இப்படி எழுதிக் கொடுத்தேன். எழுதியது புறநானூற்று 191, பிசிராந்தையார். முழுப் பாட்டுக்குச் சுவர் போதவில்லை, கேள்வியை மட்டும் எழுதினேன்:

யாண்டு பலவாக நரையில ஆகுதல்
யாங்காகியர் என வினவுதிர் ஆயின்

இத்தனை வயதாகியும் முடி நரைக்கவில்லையே, எப்படி என்று கேட்கிறீர்களா என்று புலவர் ஆரம்பிக்கிறார். அதற்கு நேர் கீழே அலமாரியில் ஹேர் டை பாக்கெட்டுகள். டை போட்டுக்கொண்டு காய வைத்தபடி உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், “மிச்சத்தை எங்கப்பா?” என்று கேட்டாராம். கடைக்காரர் என்னிடம் ஓடி வந்தார். பதிலை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைக்கச் சொன்னேன்: நல்ல மனைவி மக்கள், சொன்னதைப் புரிந்துகொள்கிற வேலையாட்கள், அல்லாதது செய்யாத அரசன், எல்லாவற்றுக்கும் மேலே ‘ஆன்றவிந் தடங்கிய கொள்கைச் சான்றோர் பலர்யான் வாழும் ஊரே’. கேள்வியை ஓரிடத்திலும் பதிலை வேறிடத்திலும் வைப்பது நல்ல உத்தி என்று அப்போது தெரிந்தது. நீங்களும் செய்து பாருங்கள்.

எழுத்தை மாற்றி எழுதுவது என்றதும் ஆத்தங்குடிக் கல் ஞாபகத்துக்கு வருகிறது. தரைக்குப் போடுகிற அந்தக் கல்லில் கவிதை வரி செய்ய முடியுமா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். முடியும், ஆனால் சுலபம் இல்லை. கல் தலைகீழாகத்தான் பிறக்கிறது. கண்ணாடித் துண்டின் மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் டிசைன் அச்சை இறக்கி, ஒவ்வொரு கட்டத்திலும் வண்ணச் சிமெண்ட் கரைசலை ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கியதும் வண்ணங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு அப்படியே நிற்கும். அதன் மேல் காய்ந்த மணல் சிமெண்டைத் தூவி, ஈரக் கலவையை வைத்து அழுத்தி மட்டம் தட்டுவார்கள். பிறகு தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறல், அப்புறம் உலர்த்தல். கண்ணாடி விடுபட்டு வந்ததும் அதன் வழவழப்பு கல்லின் முகத்தில் இருக்கும். ஆக, கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்த அடிப்பக்கம்தான் முகம். எழுத்தை மாற்றிப் போட வேண்டும். தகட்டை வளைத்து அச்சு செய்யும்போது ஞ, ண, ழ மாதிரி சுழி உள்ள எழுத்துகள் படுத்தும். புள்ளி இன்னும் மோசம். அச்சைத் தூக்கும் நேரத்தில் புள்ளிக்குள் ஊற்றிய கரைசல் பக்கத்து வண்ணத்தோடு கலந்துவிடும், ‘க்’ ‘க’ ஆகிவிடும். புள்ளி குறைந்த, ஒன்றிரண்டு சொல்லுக்கு மேல் போகாத வரியைத் தேர்ந்தெடுத்தால் கைதேர்ந்தவர் செய்து கொடுப்பார்.

செய்து முடித்தால் அதைத் தரையில் மட்டும் போட வேண்டாம். எழுத்தை மிதிக்கிற பழக்கம் நம்மிடம் இல்லை. கீழே கிடக்கிற தாளைத் தெரியாமல் மிதித்துவிட்டாலே குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர்கள் நாம். வாசலில் பதித்தால் வருகிறவர் எல்லாம் தாண்டிக் குதித்துப் போவார்கள். திண்ணைச் சுவரில், உட்காருகிறவர் தோளுயரத்தில் பதியுங்கள்.

இதே காரணத்தால்தான், பாஸ்டனில் 2016-ல் செய்த ஒரு வித்தையை இங்கே அப்படியே கொண்டுவர முடியாது. நடைபாதையில் அட்டை அச்சு வைத்து, நீர் ஒட்டாத திரவத்தைத் தெளித்துவிடுவார்கள். காய்ந்த தரையில் ஒன்றும் தெரியாது. மழை பெய்தால் சுற்றியிருக்கும் தரை நனைந்து கருத்து, தெளித்த எழுத்து மட்டும் வெளிறித் தெரியும். நினைத்தாலே ஆசையாக இருக்கிறது, ஆனால் காலடியில் எழுத்து. யோசித்துப் பார்த்தால், மழை பெய்யும் நேரத்தில் மட்டும் யாருமே கால் வைக்காத தரை ஒன்று நம்மிடம் இருக்கிறது: வளவு வீடு என்கிற செட்டிநாட்டுப் பெரிய வீட்டின் முற்றம். கானாடுகாத்தானில், பள்ளத்தூரில் முற்றத்துக்குச் சிமெண்ட் போட்ட வீடுகள் உண்டு. நாலு பக்கத் தாழ்வாரத்திலும் ஆட்கள் நின்று மழையை வேடிக்கை பார்ப்பார்கள். அந்த நேரத்தில் நடு முற்றத்தில் ‘செம்புலப் பெயல்நீர் போல அன்புடை நெஞ்சம் தாம்கலந் தனவே’ என்று எழும்பி வந்தால் எப்படி இருக்கும்! கருங்கல் பாவிய முற்றத்தில் இது எடுபடாது, கல் அவ்வளவு நீர் குடிக்காது. சிமெண்டில் தெளித்தது சில வாரம் தாங்கும். ஐப்பசி பிறந்ததும் தெளித்துவிடுங்கள்.

சாப்பாட்டுக் கடைக்குக் காளமேகம். இலை போட்டுத் தண்ணீர் தெளித்து, சாதம் வருவதற்குள் உலகம் சுற்றி வந்துவிடலாம் போலிருக்கும் மெஸ் எல்லா ஊரிலும் ஒன்று இருக்கும்.

கத்துகடல் சூழ்நாகைக் காத்தான்தன் சத்திரத்தில்
அத்தமிக்கும் போதில் அரிசிவரும் - குத்தி
உலையிலிட ஊரடங்கும் ஓரகப்பை அன்னம்
இலையிலிட வெள்ளி எழும்.

பொழுது சாய அரிசி வந்து, ஊர் அடங்க உலை ஏறி, விடிவெள்ளி முளைக்கும்போது ஓர் அகப்பைச் சோறு விழுமாம். முதலாளிக்கு நகைச்சுவை உணர்வு இருந்தால் மட்டும் இதைக் கொண்டுபோங்கள். இல்லாதவரிடம், இந்தப் பாட்டையே சத்திரத்தின் புகழாகத் திருப்பிப் பொருள் சொன்ன கதையும் உண்டு என்று சொல்லிச் சமாளிக்கலாம்: பஞ்ச காலத்திலும் அரிசி வரும், ஊரின் பசி அடங்கும், அன்னத்தைப் பார்த்து வெள்ளியே வெட்கி எழுந்துவிடும் என்று.

திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடி சரணாலயம் இருக்கிறது. பறவைகள் பயந்துவிடும் என்று தீபாவளிக்கு வெடி வெடிக்காத கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தக் கண்மாய்க்கரைக்குச் சத்திமுத்தப் புலவரை விட்டால் வேறு ஆள் இல்லை.

நாராய் நாராய் செங்கால் நாராய்
பழம்படு பனையின் கிழங்கு பிளந்தன்ன
பவளக் கூர்வாய்ச் செங்கால் நாராய்

கவனியுங்கள், பறவைகள் வந்து கூடுகிற அதே பருவத்தில்தான் சந்தையில் பனங்கிழங்கும் வருகிறது. மார்கழி, தை மாதத்தில் கிழங்கைப் பிளந்து தின்றுகொண்டே கரையில் நின்று பார்க்கிற பிள்ளைக்கு அந்த உவமை கையிலேயே இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் பொழிப்புரை படித்து வராத தெளிவு அங்கே வந்துவிடும். பலகையைக் கரையில் நடுவதற்கு வனத்துறையைக் கேட்க வேண்டும். அது சரிப்படாவிட்டால் பக்கத்துப் பேருந்து நிறுத்தம் போதும்.

ரயில் நிலையத்தில் வைப்பதானால் கானாடுகாத்தானில் இருக்கிற ‘செட்டிநாடு’ நிலையத்தைச் சொல்வேன். வண்டிகள் குறைவு, காத்திருப்பு நீளம். கணியன் பூங்குன்றனாரின் ஊரான பூங்குன்றம் என்று அறியப்படுகிற மகிபாலன்பட்டியும் இந்த வட்டாரம்தான். ஆனால் ‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’ என்ற முதல் வரியைத் தயவுசெய்து எழுதாதீர்கள். வளைவு, வாழ்த்து மடல், மேடைப் பேச்சு என்று அது தேய்ந்துபோய்விட்டது. கண்ணில் பட்டாலும் மனசில் படாது. உள்ளே போங்கள். ‘நீர்வழிப் படூஉம் புணைபோல் ஆருயிர் முறைவழிப் படூஉம்’ என்று வருகிற இடத்தை எடுங்கள். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் ஆளை அனுப்பி வைத்துவிட்டுக் காத்திருந்த ஊர்களில் ஆற்றோடு போகிற தெப்பத்தைப் பற்றிய வரி சும்மா இருக்காது.

எங்கே வைக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மருத்துவமனை வராந்தாவில் ‘நெருநல் உளனொருவன் இன்றில்லை’ என்று எழுதினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் அதிகாரம் பார்க்காமல் வரிசையாகக் குறள் எழுதித் தள்ளுகிறவர்கள் இப்படித்தான் மாட்டிக்கொள்கிறார்கள். நோயாளி காத்திருக்கும் இடத்தில் அறிவுரையும் வேண்டாம், நிலையாமையும் வேண்டாம். ஒரு தாலாட்டு போதும். கோயிலில் வைக்க வேண்டாம், அங்கே ஏற்கெனவே இடம் இல்லை. பள்ளிக்கூடச் சுவரில் வைத்தால் பரீட்சைக்கு வரும் என்று பிள்ளைகள் பயந்துவிடும்.

கம்பனை மறந்துவிட்டேன் என்று யாரும் கோபிக்க வேண்டாம். சா. கணேசன் 1939-ல் தொடங்கிய காரைக்குடிக் கம்பன் கழகமும் நாட்டரசன்கோட்டையில் கம்பன் சமாதியும் இருக்கிற பூமி இது. பங்குனியில் விழா நடக்கிற நாட்களில் ஊரே காது கொடுக்கத் தயாராக இருக்கும், அப்போது சுவரும் பேசலாம். என் தேர்வு அயோத்தி நகரத்தைப் பாடும்போது வருகிற ‘கள்வார் இலாமைப் பொருள்காவலும் இல்லை’. திருடர் இல்லாததால் காவலும் இல்லையாம். எங்கே வைப்பது? நாலு கட்டு வீட்டைப் பூட்டிவிட்டுச் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்களே, அந்த வீட்டு முகப்பில் காவல்காரர் உட்காருகிற நாற்காலிக்கு மேலே.

இனி தொழில் விஷயம். பழைய வளவு வீட்டுச் சுவரில் நேரடியாக எழுதவே கூடாது. சுண்ணாம்பை அரைத்து, கருப்பட்டி, கடுக்காய், முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து இழைத்த பூச்சு அது. எனாமல் பெயிண்ட் அடித்தால் சுவருக்குள் இருக்கிற ஈரம் வெளியேற வழியில்லாமல் பொருக்குத் தட்டி, பெயிண்டோடு பூச்சும் சேர்ந்து உரியும். பலகை எழுதி மாட்டுங்கள். தகரம், மரப்பலகை, ஸ்லேட் எது வேண்டுமானாலும் சரி. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளில் தேடினால் எனாமல் தகட்டுப் பலகைகள் கிடைக்கும். விலை சுற்றுலாக்காரர்களுக்கு என்று வைத்திருப்பார்கள், பேசிக் குறையுங்கள். எழுத்து அளவுக்குப் பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குலம் என்று பொதுக் கணக்கு சொல்வார்கள். தமிழுக்கு நான் ஒன்றரை வைப்பேன், சுழியும் கொம்பும் அடைத்துக்கொள்ளாமல் இருக்க. அலங்கார எழுத்து வேண்டாம். கவிதை என்றதும் மயிலிறகு, மெழுகுவர்த்தி, சூரியோதயம் எல்லாம் பின்னணியில் போடுகிற ஃப்ளெக்ஸ் பழக்கமும் வேண்டாம். ‘கவிதைச் சுவர்’, ‘இலக்கிய முற்றம்’ என்று மேலே தலைப்புக் கட்டாதீர்கள். கட்டினால் படிக்கிறவன் விலகிப் போகிறான்.

போர்டு எழுதுகிறவனுக்கு இதெல்லாம் என்ன தெரியும் என்று யாராவது சொன்னால் கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரைக் காட்டுங்கள். விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்தவர்தான் அவர். அவர் வீட்டில் சேர்த்து வைத்த தமிழ் நூல்களும் இதழ்களும்தான் அவர் மறைவுக்குப் பின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியில் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக ஆனது. எங்கள் தொழில்காரர் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

அனுமதிக்கு வருவோம். தமிழ்நாட்டில் பொது இடங்களில் சுவரை அசிங்கப்படுத்துவதைத் தடுக்க 1959-லேயே சட்டம் இருக்கிறது. கவிதை என்பதால் விலக்கு கிடையாது. தனியார் சுவர் என்றால் உரிமையாளரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பேருந்து நிறுத்தம், ஊருணி என்றால் பஞ்சாயத்தையோ பேரூராட்சியையோ கேட்க வேண்டும். கவிதைக்கும் உரிமை உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சங்கப் பாட்டு, குறள், கம்பன், தனிப்பாடல் எதற்கும் யாரையும் கேட்க வேண்டாம். பாரதி 1949-லேயே அரசுடைமை. ஆனால் நம் சிறுகூடல்பட்டிக் கண்ணதாசனுக்குக் கேட்டாக வேண்டும். அவர் மறைந்தது 1981-ல். ஆசிரியர் காலத்துக்குப் பின் அறுபது ஆண்டு என்று சட்டம் சொல்வதால் 2041 முடியும்வரை உரிமை இருக்கிறது. இப்போது எழுதிக்கொண்டிருக்கிற கவிஞர்களுக்கு ஒரு போன் போட்டாலே பெரும்பாலும் சந்தோஷமாகச் சம்மதிப்பார்கள். கவிதைக்குக் கீழே பெயரைப் போட மறக்காதீர்கள்.

வேறு ஒரு பெயரைப் போடாதீர்கள் என்பதும் முக்கியம். கோயில் டியூப்லைட்டில் வெளிச்சமே வெளியே வராத அளவுக்கு ‘இன்னார் உபயம்’ என்று எழுதுகிற பழக்கம் நம்முடையது. நீங்கள் பலகைக்கு நன்கொடை கேட்டுப் போன இடத்தில் முதலில் இந்தப் பேச்சுத்தான் வரும். இரண்டு வரிக் குறளுக்குக் கீழே நாலு வரி உபயம், அதற்குப் பக்கத்தில் போட்டோ. தேவையென்றால் பலகையின் விளிம்பில், கிட்டே போய்ப் பார்த்தால் தெரிகிற மாதிரி சின்னதாக எழுதுங்கள். ஒப்புக்கொள்ளாதவரிடம் டீ குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

நூலகத்துப் புத்தகங்களிலிருந்து மட்டும் எடுக்காமல், ஊரில் இருக்கிற ஆச்சிமார்களிடமும் கேளுங்கள். தாலாட்டு, கும்மி, நலுங்குப் பாட்டு எல்லாம் அவர்களிடம் இருக்கிறது. “எனக்கு ஒண்ணும் தெரியாதப்பா” என்றுதான் ஆரம்பிப்பார்கள். பக்கத்து வீட்டு ஆச்சி வேறு மாதிரிப் பாடினார்கள் என்று சொல்லிப் பாருங்கள், உடனே திருத்த ஆரம்பித்துவிடுவார்கள். அப்படிக் கிடைத்ததை அங்கன்வாடி வாசலிலும் ரேஷன் கடை வரிசை நிற்கிற இடத்திலும் வைக்கலாம். வரிசையில் நிற்கிறவர்களில் பாதிப் பேர் அதைப் பாடியே காட்டிவிடுவார்கள். எழுத்துத் தெரியாதவருக்கும் பக்கத்தில் நிற்பவர் வாசித்துச் சொல்வார். லண்டன் ரயிலில் இது நடக்காது.

ஒரேயடியாக ஊர் முழுக்க மாட்டாதீர்கள். ஊருணி, முடிதிருத்தகம், ரேஷன் கடை என்று மூன்று இடம் போதும். ஊருணிக் கல் இருந்துவிட்டுப் போகட்டும். மற்றதை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், மாற்றுகிற பொறுப்பை ஒரே ஆளிடம் கொடுங்கள், கமிட்டி வேண்டாம். எழுத்துப்பிழை இருந்தால் ஊரில் யாராவது ஒரு தமிழய்யா வந்து சண்டை போடுவார், அன்றைக்கே திருத்திவிடுங்கள். பலகைக்குப் பின்பக்கம் நூலகத்தின் பெயரையும் தொடர்பு எண்ணையும் எனாமலில் எழுதி வையுங்கள். பொங்கலுக்கு வெள்ளையடிக்கிறவர்கள் கழற்றிக் கீழே வைத்தால் திரும்ப மாட்ட மாட்டார்கள். எண் இருந்தால் கூப்பிட்டாவது சொல்வார்கள்.